பவளம் இரண்டு தீயின் நடுவே போகும்

ஏப்ரல் 2, வியாழன்

என் மாட்டின் மீது பொய் எழுதிவிட்டார்கள்.

இன்று மாலை எங்கள் ஸ்கொட்லாந்து ஊரான ஆக்டோரனின் மண்டபத்தில், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, விழாக் குழு தன் குறிப்பேட்டில் எழுதிய வாசகம் இது: “சென்ற ஆண்டு பெல்டேன் விழாவில் மிஸஸ் தேவாவின் மூத்த பசு பாய்ந்து தாக்கியதில் மொராக்கின் கால் முறிந்தது. அது ஆபத்தான மாடு. இனி அது தீக்களுக்கு நடுவே வரவோ, பொது மலையில் மேயவோ கூடாது.” ஏழு பேரில் ஆறு பேர் கை உயர்த்தினார்கள். ஏழாவது ஆள் மொராக், இந்த ஊரின் பழைய தபால்காரி. அவளுடைய கை மடியிலேயே கிடந்தது. ஆதரித்தும் உயரவில்லை, எதிர்த்தும் உயரவில்லை.

அந்த மூத்த பசு, என் பவளம், பாயவில்லை. தீன் வாளியை நோக்கிப் போனாள். வாளி குலுங்கினால் வரவேண்டும் என்று பதினான்கு வருடமாகப் பழக்கியவள் நான். அன்று வாளி மொராக்கின் கையில் இருந்தது. முன்னால் நடந்து மாடுகளை அழைப்பது அவள் வேலை. அவள் இன்னும் தீக்களைக் கடக்கவில்லை. திடல் வாசற் படலை திறந்தது. மாடு போனது, அவள் விழுந்தாள். இதில் மாட்டின் குற்றம் எது?

கோடை முழுவதும் ஒரு மாட்டை வளவுக்குள் கட்டித் தீன் போட என்னிடம் புல் இல்லை. பதினான்கு வயது மாட்டை விற்றால், வாங்குகிறவன் பால் கறக்க வாங்கமாட்டான். இது அந்த ஆறு பேருக்கும் தெரியும்.

நான் விடப் போவதில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

குறிப்பேட்டின் பிரதி கேட்டு வாங்கினேன். ‘பாய்ந்து தாக்கியது’ என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் கோபம் ஆறாமல் இருக்கும்.

ஏப்ரல் 6, திங்கள்

பின்னால் யாராவது இதை வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பெல்டேன் என்பது கோடையின் வாசல். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் பழைய காலத்துச் சனங்கள் ஏப்ரல் கடைசி நாளில் வீட்டு அடுப்புகள் எல்லாவற்றையும் அணைப்பார்கள். திடலில் இரண்டு பெரிய தீ மூட்டி, நடுவே மாடுகளை ஓட்டிப் போவார்கள். நோய் அண்டாது, பால் வற்றாது என்று நம்பிக்கை. பிறகு அதே மாடுகள் கோடைக்கு மலை ஏறும். அந்தத் தீயிலிருந்து எடுத்த கொள்ளியால்தான் வீட்டு அடுப்பை மறுபடி மூட்டுவார்கள்.

இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இந்த ஊருக்கு வாரம் ஒருமுறை வரும் நூலக வண்டியில் ஏறி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக வாசித்துத் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இவர்கள் விழாவைத் திரும்பத் தொடங்கியபோது முகத்தில் பச்சை மை பூசி மேளம் அடித்துவிட்டு, சுட்ட இறைச்சி தின்று வீட்டுக்குப் போனார்கள். மாடு எங்கே என்று கேட்டவள் நான். அடுத்த வருடம் மாடு கொண்டுவந்தவளும் நான். அப்போது இவர், என் கணவர், உயிரோடு இருந்தார். மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தீக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றார்.

“உங்கட மாட்டுப் பொங்கல் மாதிரி, என்ன?” என்று கேட்பார்கள். இல்லை. அது வேறு, இது வேறு. நான் ஒன்றை ஒன்றோடு குழைக்கிறவள் இல்லை. தை மாதம் அதையும் சரியாகச் செய்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

குழுவுக்குக் கடிதம் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு பக்கம். மேளக்காரர் நேரத்துக்கு முன்பே அடிக்கத் தொடங்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

திரும்பும் வழியில் காரின் இடப்பக்கக் கண்ணாடி வாசல் தூணில் பட்டு உடைந்தது. அந்தத் தூண் கொஞ்சம் சரிந்து வெளியே வந்திருக்க வேண்டும். நாற்பது வருடக் கல்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சிந்துஜா கிளாஸ்கோவிலிருந்து ஃபோன் எடுத்தாள். என் ஒரே மகள். பேருந்துகள் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கந்தோரில் வேலை. அதனால் மனிதரும் அப்படி நிற்பார்கள் என்று நினைப்பு.

“அம்மா, ஒரு மாட்டுக்காக ஊரோடை சண்டை பிடிக்கிறதே?”

“ஊர்தான் மாட்டோடை சண்டை பிடிக்குது.”

“மொராக் அன்ரியிட்டைப் போய்க் கதைச்சனீங்களோ?”

“அவ வரட்டும்.”

“அவவுக்குத்தானே அம்மா கால் முறிஞ்சது!”

“ஆஸ்பத்திரியாலை வந்தவுடனை கேக் கொண்டுபோய்க் குடுத்தனான்.”

“வாசலிலை வைச்சிட்டு மணியை அடிச்சிட்டு வந்திட்டியள். அது குடுக்கிறதில்லை, போடுறது.”

பால் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. ஆனால் வைத்திருக்கலாம்.

ஏப்ரல் 15, புதன்

குழுத் தலைவர் அலஸ்டர் வந்தார். எடின்பரோவில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று இங்கே வீடு வாங்கியவர். நல்ல மனிதர்தான். எதையும் கை உயர்த்தித் தீர்க்கலாம் என்று நம்புகிறவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

“மிஸஸ் தேவா, கோவிக்காதையுங்கோ. மற்ற நாலு மாடும் வரட்டும். அந்தச் சிவப்பு மட்டும் வேண்டாம்.”

“எல்லாம் சிவப்புத்தான்.”

“பெரிய சிவப்பு.”

“பெரிய சிவப்பு முன்னுக்குப் போகாட்டி சின்னச் சிவப்பு ஒண்டும் படலையைத் தாண்டாது. வேணுமெண்டால் நீங்கள் நிண்டு கூப்பிட்டுப் பாருங்கோ. பதினொரு வருசமா இந்த ஊரிலை இருக்கிறியள், ஒரு மாடாவது உங்களைத் திரும்பிப் பாத்ததோ?”

சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் திட்டத்தைச் சொன்னார். இந்த வருடம் விறகும் வேண்டாமாம். காஸ் சிலிண்டர் வைத்து, திருகினால் எரியும், திருகினால் அணையும்.

“அதுக்குப் பேர் பெல்டேன் இல்லை, குசினி அடுப்பு,” என்றேன்.

“மாடில்லாமலும் விழா நடத்தலாம், மிஸஸ் தேவா. சனம் தீயைப் பாக்கத்தானே வருது.”

“மாப்பிள்ளை இல்லாமலும் கலியாணம் நடத்தலாம். சனம் சாப்பாட்டுக்குத்தானே வருது.”

தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“உங்கட கடிதம் முழுக்க வாசிச்சன். மேளம் அடிச்சது ஆர் எண்டு இருக்கு. வாளி ஆற்ரை கையிலை எண்டு இருக்கு. படலையைத் திறந்தது ஆர் எண்டு மட்டும் இல்லை.”

“தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ,” என்றேன்.

குடித்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “மொராக் ஒரு வருசமா இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. மாட்டிலை பிழையில்லை எண்டு அவ வாயாலை சொன்னால் நாங்கள் திரும்ப யோசிப்பம்.”

ஆக, என் மாட்டின் மானம் மொராக்கின் வாயில் இருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

மொராக் வீட்டுக்குப் போகவில்லை. மழை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றும் மழை என்று எழுதலாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

முடிவு எடுத்துவிட்டேன். அவர்கள் திடல் அவர்களுக்கு. என் வயலில் நானே இரண்டு தீ மூட்டுவேன். பவளம் முன்னால் போவாள். மற்ற நான்கும் பின்னால் போகும். அதன் பிறகு நேரே மலைக்கு ஓட்டிப் போவேன். மறிக்கிறவர்கள் வந்து மறிக்கட்டும். எழுபத்திரண்டு வயது மனுஷியையும் ஐந்து மாட்டையும் கை உயர்த்தி மறிக்க முடியுமா என்று பார்ப்போம்.

தீக்கு ஒன்பது வகை மரம் வேண்டும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. ஓக், பேர்ச், ஹேசல், பைன், வில்லோ என்று ஐந்து சேர்ந்துவிட்டது. ரோவன் மரக் கிளை வெட்டப் போன இடத்தில் பள்ளத்தில் கால் வைத்து விழுந்தேன். இடது முழங்கை உரசிவிட்டது. அந்தப் பள்ளம் போன வருடம் இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

சிந்துஜா ஒரு கிழமை லீவு எடுத்து வந்திருக்கிறாள். என்னைத் தடுக்க வந்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் உடுப்புத் தோய்க்கிறாள்.

காலையில் கோப்பியை என் இடது கைப்பக்கம் வைத்தாள். நான் பத்திரிகையைத் திருப்பும்போது கோப்பை விழுந்து உடைந்தது. “உதிலை வைக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது!” என்றேன். இதற்கு முன் சொன்னதில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. அவள் வாதாடவில்லை. வாதாடாத சிந்துஜாவை நான் பார்த்ததே இல்லை. மத்தியானம் பார்க்கிறேன், மேசையில் உப்பு, தண்ணீர், என் மூக்குக்கண்ணாடி எல்லாம் வலப்பக்கத்துக்குப் போயிருந்தன.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் கொட்டிலில் சாணி அள்ளிக் கைவண்டியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“தேவா.”

திரும்பினேன். இடப்பக்கச் சுவரோடு, நான்கு எட்டுத் தூரத்தில் மொராக். ஒரு கையில் ஊன்றுகோல். மற்றக் கை தலைக்கு மேலே நீட்டியபடி இருந்தது.

“எப்ப வந்தனி?”

“நீ மூண்டு வண்டில் நிரப்பிட்டாய். முதல் வண்டிலுக்கு முன்னமே வந்திட்டன். வந்த நேரம் தொட்டுக் கையை ஆட்டிக்கொண்டு நிக்கிறன். தோள்மூட்டு உழையுது.”

“கூப்பிட்டிருக்கலாமே!”

“போன வருசம் கூப்பிட்டனான். மேளச் சத்தத்திலை உனக்குக் கேக்கேல்லை. அதாலை கையை உயத்தினன். பொறு, நான் இன்னும் நடுவிலை நிக்கிறன் எண்டு. நீ என்ரை பக்கம் பாத்தாய், தேவா. பாத்துக்கொண்டே படலையைத் திறந்தாய்.”

பவளம் தலையை நீட்டி மொராக்கின் கோட்டுப் பையை முகர்ந்தாள். மொராக் அவளுக்கு ஒரு துண்டு ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். கால் முறிந்தவளும் காலை முறித்ததாகச் சொல்லப்பட்டவளும் என்னைவிட இயல்பாக நின்றார்கள்.

“ஏன் ஒரு வருசமா வாய் திறக்கேல்லை?” என்று கேட்டேன்.

“உனக்குக் கண் தெரியேல்லை எண்டு சொன்னால் முதல் உன்ரை காரைப் பறிப்பினம். பிறகு மாட்டையும். நாப்பது வருசம் இந்த ஊருக்குக் கடிதம் குடுத்தனான், சனம் எப்பிடி எண்டு எனக்குத் தெரியும். மாட்டிலை போட்டால் மாடு கவலைப்படாதெண்டு விட்டிட்டன். மலைக்கு விடமாட்டம் எண்டு எழுதுவினம் எண்டு நான் நினைக்கேல்லை.”

“உன்ரை பரிதாபத்தை ஆர் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. என்ரை கால் மட்டும் கேட்டோ முறிஞ்சது?”

நான் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினேன். அது விழுந்தது. மறுபடி சாத்தினேன்.

“நீ வந்து ஒரு சொல் சொல்லுவாய் எண்டு ஒரு வருசம் யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டிருந்தன்,” என்றாள் மொராக். “கேக்கை வைச்சிட்டு ஓடினாய். அந்தக் கேக்கும் அடியிலை கருகினது.”

“கருகேல்லை. அது கித்துள் பாகு போட்ட நிறம்.”

“கருகினது.”

அவள் போன பிறகு நான்காவது கைவண்டியையும் நிரப்பினேன். சிந்துஜா வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் புகைமூட்டம். பழைய கண்ணாடி.

சிந்துஜாவின் புதிய கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

மாடுகளுக்கு உப்புக்கட்டி வைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29, புதன்

மண்டபத்தில் விழாவுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழுவில் மற்ற ஆறு பேரும் இருந்தார்கள். மொராக் கதவருகே உட்கார்ந்து சோளப்பொரி கொறித்துக்கொண்டிருந்தாள். நான் சிந்துஜாவை வெளியே காருக்குள் இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போனேன். அவள் இருக்கவில்லை. பின்னால் வந்து நின்றாள்.

“எல்லாரும் கதிரையைக் கீழை வையுங்கோ. ஒருக்காத்தான் சொல்லுவன்,” என்றேன்.

வைத்தார்கள்.

“போன வருசம் படலையைத் திறந்தது நான். மொராக் கையை உயத்திக்கொண்டு நிண்டவ. நான் காணேல்லை. எனக்கு இடப்பக்கம் தெரியேல்லை. மாடு வாளியிட்டைப் போனது. அது அதுக்குப் படிப்பிச்ச வேலை. மேளக்காரரிலை பிழையில்லை. மாட்டிலை பிழையில்லை. பிழை என்னிலை. இதைக் குறிப்பேட்டிலை எழுதுங்கோ. பழசை வெட்டக்கூடாது. அதுக்குக் கீழை எழுதுங்கோ, ரெண்டையும் சனம் வாசிக்கட்டும்.”

அலஸ்டர் பேனாவைத் தேடினார். ஒரு பையைத் தேடினார், மறு பையைத் தேடினார். என் பேனாவைக் கொடுத்தேன்.

நான் மொராக்கின் பக்கம் திரும்பினேன். முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. “உன்ரை காலுக்கு,” என்று தொடங்கினேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

“சரி, சரி,” என்றாள் மொராக். “கேக்குக்கும் சேத்து எண்டு நினைக்கிறன்.”

சிரிப்புக் கேட்டது. சிந்துஜாதான் முதலில் சிரித்தாள். அவள் கண் ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்று நான் கேட்கவில்லை.

அலஸ்டர் மறுபடி வாக்கெடுத்தார். அவரால் வாக்கெடுக்காமல் இருக்க முடியாது. பவளம் தீக்களுக்கு நடுவே வரலாம், மலைக்கும் போகலாம் என்பதற்கு ஆறு கை உயர்ந்தது. ஆறில் ஒன்று மொராக்குடையது, எல்லாவற்றையும்விட உயரத்தில். ஒருவர் மட்டும் எதிர்த்தார். அது அவர் உரிமை.

“ஒரு நிபந்தனை இருக்கு, மிஸஸ் தேவா,” என்று அலஸ்டர் தயங்கினார். “படலையிலை நீங்கள்...”

“அது உங்கட நிபந்தனை இல்லை, என்ரை. நாளைக்கு விடிய எழுதித் தருவன். ஆர் ஆர் எங்கை நிக்கிறது எண்டு. அதிலை கை உயத்துற வேலை இல்லை.”

ஏப்ரல் 30, வியாழன். பெல்டேன்

விடியற்காலையிலேயே அடுப்பை அணைத்துவிட்டேன். வீடு குளிர்கிறது. சிந்துஜா இரண்டு கோட்டுக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, “ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சனமே ஹீட்டரை நிப்பாட்டச் சொன்னது?” என்று கேட்கிறாள். சொல்லியிருப்பார்கள், ஹீட்டர் இருந்திருந்தால்.

கீழே உள்ளதை ஏழு பிரதி எழுதியிருக்கிறேன். குழுவில் ஆளுக்கொன்று.

விறகு: என் வயலில் அடுக்கியிருக்கும் ஒன்பது வகை மரத்தையும் அலஸ்டரும் குழு ஆட்களும் மத்தியானத்துக்குள் டிராக்டரில் திடலுக்கு ஏற்ற வேண்டும். காஸ் சிலிண்டர் திடலுக்குள் வரக்கூடாது. இறைச்சி சுட வேண்டுமானால் மண்டபத்துக்குப் பின்னால்.

தீ: இரண்டுக்கும் இடையில் பதினெட்டுக் காலெட்டு. போன வருடம் பன்னிரண்டு. அளக்க வேண்டியவர் அலஸ்டர். என் எட்டு அல்ல, அவருடைய எட்டு. அவருக்குக் கால் நீளம்.

வீடுகள்: தீ மூட்டும் முன், ஊரில் அடுப்பு உள்ள எல்லோரும் அதை அணைத்திருக்க வேண்டும். கதவு கதவாகப் போய்ச் சொல்ல வேண்டியவர் அந்த எதிர்த்து வாக்களித்தவர். எல்லா வீட்டுக்கும் போனால் கோபம் தணியும்.

மேளம்: கடைசி மாடு திடலைத் தாண்டி மலைப்பாதையில் கால் வைக்கும்வரை ஒரு தட்டும் கூடாது. மேளத் தடிகளை ஒரு கூடையில் போட்டு அலஸ்டர் மடியில் வைத்திருக்க வேண்டும்.

வாளி: சிந்துஜா. அவளுக்கு மாட்டுக்குப் பயம். அதனால் வேகமாக நடப்பாள். அதுதான் தேவை. தீக்களைக் கடந்து, திடலின் மறுகரையில் உள்ள வெள்ளைக் கல்லுக்கு அப்பால் போய் நின்ற பிறகே குலுக்க வேண்டும்.

படலை: மொராக். அவளுக்கு ஒரு கதிரை, முதுகு சாய்கிற கதிரை, மண்டபத்திலிருந்து வர வேண்டும். சிந்துஜா கல்லைத் தாண்டியதைத் தன் கண்ணால் கண்ட பிறகு அவளே திறப்பாள். நான் திற என்று கத்தினாலும் திறக்கக்கூடாது.

கார்: சாவி சிந்துஜாவிடம். இன்றைக்கு மட்டும் அல்ல. திங்கட்கிழமை கண் டொக்டரிடம் அவள் ஓட்டிப் போவாள். அவர் என்ன சொன்னாலும் அதைக் குழுவுக்கு நானே சொல்வேன். யாரும் முந்திக்கொள்ள வேண்டாம்.

மலை: நாளை காலை கணக்கெடுக்க வேண்டியவர் அலஸ்டர். ஐந்து மாடு. பெரிய சிவப்பைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பவளம்.

நான்: மாடுகளோடு நடப்பேன். பவளத்துக்கு வலப்பக்கம், என் இடது கை அவள் கழுத்தில். என் இடப்பக்கத்தை அவள் பார்த்துக்கொள்வாள். வேறு ஒருவரும் என் கையைப் பிடிக்க வரக்கூடாது.